சீன மரபுச் சிந்தனையை ரிசர்ச்சுக்குள்ள எப்படிக் கொண்டு வர்றது: ஒரு ஆட்டுத் திருட்டு வழியா ஒரு வழிகாட்டி

சமூகவியல், சட்டம், உளவியல், அரசியல்னு ஏதோ ஒரு துறையில இப்பதான் ரிசர்ச் ஆரம்பிச்சிருக்கீங்க, கன்பூசியஸ், மென்சியஸ், லாவோட்சு எல்லாம் கொஞ்சம் படிச்சு மனசுக்குப் பிடிச்சுப் போச்சு, இதைத் தீசிஸ்ல கொண்டு வரணும்னு ஆசை, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். சீன மொழி கரைச்சுக் குடிச்சவங்களுக்கு இது தேவைப்படாது.

முதல்ல நான் பண்ணுன தப்பைச் சொல்லிடறேன். ரொம்ப வருஷம் முன்னாடி சீனாவுல குடும்பமும் சட்டமும் மோதுற இடத்தைப் பத்தி ஒரு பேப்பர் எழுதுனேன். ஆரம்பத்துல கன்பூசியஸோட ஒரு வரியைப் போட்டேன், அப்புறம் இருபது பக்கத்துக்கு எல்லாரும் எழுதுற மாதிரியே மேற்கத்திய தியரி, டேட்டா, டேபிள், முடிவுரை. ரிவ்யூ பண்ணவர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: இந்த மேற்கோளை எடுத்துட்டா கட்டுரையில என்ன குறையும்? எடுத்துட்டுத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். ஒண்ணும் குறையல. வாசல்ல கட்டுன தோரணம் அது, வீட்டைத் தாங்குற தூண் எதுலயும் கன்பூசியஸ் இல்ல. அன்னைலேர்ந்து யார் டிராஃப்ட் அனுப்புனாலும் நான் கேக்குறது இதைத்தான். இதை உருவுனா கூரை இறங்குமா?

புத்தகத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க

இது கேக்க வித்தியாசமா இருக்கும், ஆனா மரபுச் சிந்தனையை உருப்படியா ரிசர்ச்சுக்குள்ள கொண்டு வந்தவங்க நிறைய பேரு பழைய நூலைத் திறந்து வெச்சு ஆரம்பிக்கல, கண்ணால பாத்த, புரியாத ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் சீனச் சமூகவியலாளர் ஃபெய் ஷியாவ்தோங் (1910–2005). 1935ல கல்யாணம் ஆன கையோட மனைவியோட குவாங்ஷி மலைப்பகுதிக்கு ஃபீல்ட்வொர்க் போனாரு, வழி தவறி புலிக்கு வெச்ச பொறியில மாட்டிக்கிட்டாரு, உதவி தேடிப் போன மனைவி தண்ணியில விழுந்து இறந்துட்டாங்க. காயம் ஆறுறதுக்காகத் திரும்பி வந்தவர் 1936ல ஜியாங்சு மாகாணத்துல கைஷியென்கோங்ங்கிற கிராமத்துக்குப் போய்த் தங்குனாரு. அங்க அவரோட அக்கா பட்டு நூற்பைச் சீர்திருத்துற வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்தக் கிராமத்துல சேத்த குறிப்புங்களோட லண்டன் போயி மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கிகிட்ட டாக்டர் பட்டம் வாங்கி, 1939ல அதைப் புத்தகமாவும் போட்டாரு.

இதுல நமக்கு வேணும்கிறது அப்புறம் அவர் 1940கள்ல எழுதுன சின்னச் சின்னக் கட்டுரைங்கதான். அதுல ரெண்டு படம் வரையுறாரு. மேற்கத்திய சமூகம் வைக்கோல் மாதிரி, நாலு தாள் சேந்தா ஒரு பிடி, பிடி சேந்தா கட்டு, கட்டு சேந்தா சுமை, எந்தத் தாள் எந்தக் கட்டுல இருக்குன்னு தெளிவாத் தெரியும். சீன கிராமம் அப்படி இல்ல, குளத்துல கல்லு விழுந்தா வட்டம் வட்டமா அலை பரவுற மாதிரி, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வட்டத்துக்கு நடு. வட்டம் எதுவரை போகும்ங்கிறது கல்லோட கனத்தைப் பொறுத்தது, அதிகாரத்துல இருக்கிறவனுக்குப் பெரிய வட்டம், ஏழைக்கு ரெண்டு சுத்து. ஒரு அழைப்புல "குடும்பத்தோட வாங்க"ன்னு எழுதுனா அந்தக் குடும்பம்ங்கிற சொல்லுக்குள்ள யாரெல்லாம் வருவாங்கன்னு யாராலயும் கோடு போட்டுச் சொல்ல முடியாதுங்கிறாரு. நம்ம வீட்டுல கல்யாணப் பத்திரிகை வெச்சவங்களுக்கு இது உடனே புரிஞ்சிடும்.

இந்த அமைப்புக்கு அவர் வெச்ச பேரு "சாஷு கெஜு", அதாவது படிப்படியா வேறுபட்டுப் போற ஒழுங்கு. அதுக்கு மரபை எங்க தொடுறாருன்னு பாருங்க. கன்பூசிய நூல்கள்ல மனுஷ உறவு முறைக்குச் சொல்ற "லுன்"ங்கிற சொல்லை எடுத்து, ஒரு பழைய சொல்விளக்க நூல்ல அதுக்குத் தண்ணியில வரிசையா வர்ற அலைவரின்னு பொருள் இருக்கிறதைக் காட்டுறாரு. கேள்வி கிராமத்துல பொறந்துச்சு, சொல்லு பழைய நூல்ல கிடைச்சுச்சு. நீங்களும் இந்த வரிசையையே பிடிச்சுக்குங்க. முதல்ல ஒரு பக்கத்துல உங்களைக் குடையுற கேள்வியை எழுதுங்க, அதுல ஒரு சீனத் தத்துவச் சொல்லும் இருக்கக்கூடாது. அதை எழுத முடியலைன்னா இன்னும் கேள்வி வரலைன்னு அர்த்தம், அவசரப்படாதீங்க.

"சீன மரபு"ன்னு ஒண்ணு கிடையாது

இதைச் சுருக்கமாச் சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா ஒரு வாரம் படிச்சாலே புரிஞ்சிடும். மனுஷ சுபாவம் நல்லதை நோக்கிப் போறதுன்னு மென்சியஸ் சொன்னா, அது கெட்டதுன்னு ஷுன்ஸி சொல்றாரு, ரெண்டு பேருமே கன்பூசியஸ் வழி வந்தவங்கதான். அப்பா அம்மாவுக்குத் தனியா இடம் குடுக்காம எல்லாரையும் ஒரே அளவுக்கு நேசிக்கணும்னு மோஸி. அரசன் சட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டா போதும்னு ஹான் ஃபெய். "சீனர்கள் இப்படித்தான் நினைப்பாங்க"ன்னு ஒரு வரி உங்க டிராஃப்ட்ல இருந்தா, எந்த நூல், எந்த நூற்றாண்டு, அதை எதுத்தது யாருன்னு மூணு கேள்வி பக்கத்துல எழுதிடுங்க.

மண்ணுக்கு அடியில இருந்து வந்த சுவடிங்களையும் மறக்கக்கூடாது. 1993ல ஹூபெய் மாகாணம் குவோடியன்ல ஒரு கல்லறையைத் தோண்டுனப்போ கி.மு. 300 வாக்குல புதைச்ச மூங்கில் பட்டைங்க கிடைச்சுது, அதுல லாவோட்சு நூலோட பகுதிங்களும் இருந்துச்சு. நம்ம கையில இருக்கிற பாடத்துல 19வது பகுதி, கன்பூசியர்கள் தலைமேல வெச்சுக் கொண்டாடுற ரென் (மனுஷத்தன்மை மாதிரி), யி (நியாயம் மாதிரி) ரெண்டையும் விட்டொழிக்கச் சொல்லுது. குவோடியன் பாடத்துல அந்த இடத்துல அந்த ரெண்டு சொல்லும் இல்ல. லாவோட்சு வழி வந்த தாவோகாரங்களும் கன்பூசியர்களும் ஆரம்பத்துலேர்ந்தே பரம எதிரிங்கன்னு அந்த வரியை மட்டும் நம்பி எழுதுனவங்களுக்கு அடித்தளமே ஆடிப் போச்சு.

ஒரு சொல், ஒரு பத்தி, மெதுவா

இப்ப முக்கியமான வேலை. முழுத் தத்துவத்தையும் தூக்கிட்டு வராதீங்க, ஒரே ஒரு பத்தியை எடுத்துச் சொல் சொல்லாப் படிங்க. நான் வருஷக்கணக்கா வெச்சுக்கிட்டிருக்கிற பத்தி, கன்பூசியஸோட பேச்சுகளைத் தொகுத்த லுன்யூங்கிற நூலோட 13ஆம் அத்தியாயத்துல 18வது. ஷெங்கிற ஊர்த் தலைவர் கன்பூசியஸ்கிட்ட பெருமையாச் சொல்றாரு: எங்க ஊர்ல நேர்மையான ஒருத்தன் இருக்கான், அவன் அப்பா ஆட்டைத் திருடுனப்போ மகனே சாட்சி சொன்னான். அதுக்குக் கன்பூசியஸ், எங்க ஊர்ல நேர்மையானவங்க வேற மாதிரி, அப்பா மகனுக்காக மறைப்பாரு, மகன் அப்பாவுக்காக மறைப்பான், நேர்மை அதுக்குள்ள இருக்குங்கிறாரு.

இதைப் படிச்ச உடனே நம்ம மனசு மனுநீதிச் சோழன்கிட்ட ஓடும், எனக்கும் ஓடுச்சு. ஒரு நிமிஷம் பிடிச்சு நிறுத்துங்க. அங்க நீதிபதி அப்பா, தண்டனை மகனுக்கு, அவர் அரசன். இங்க நடுவுல நிக்கிறது மகன், அவன் கையில தீர்ப்பு இல்ல, சாட்சி மட்டும்தான். ரெண்டு கதையும் ஒண்ணுபோல இருக்குன்னு தோணுறதே நாம இன்னும் சரியாப் படிக்கலைங்கிறதுக்கு அடையாளம்.

சரி, சொல்லுக்கு வருவோம். "திருடுனான்"னு நாம எழுதுற இடத்துல மூலத்துல இருக்கிற சொல் "ராங்". பழைய உரைகாரங்க அதுக்கு, ஏதோ ஒரு காரணத்தோட எடுக்கிறதுதான் ராங்னு சொல்றாங்க, அதாவது ஆடு தானா வழிதவறி வீட்டுக்குள்ள வந்துச்சு, பிடிச்சு வெச்சுக்கிட்டாரு. பூட்டை உடைச்சு எடுக்குறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! அடுத்து "சாட்சி சொன்னான்", மூலத்துல "ஜெங்". இன்னைக்கு அது சாட்சியம்தான், ஆனா ஹான் வம்சக் காலத்துச் சொல்லகராதி அதுக்குப் "போய்ச் சொல்றது"ன்னு பொருள் தருது. கூப்பிட்டுக் கேட்டதால சொன்னானா, தானாப் போய்ச் சொன்னானா? ரெண்டும் வேற வேற செயல். மூணாவது "யின்", மறைக்கிறது. ஆட்டைக் கொல்லைப்புறத்துல ஒளிச்சு வெக்கிறதும் மறைக்கிறதுதான், வாயைத் திறக்காம இருக்கிறதும் மறைக்கிறதுதான், எதைச் சொல்றாரு? இன்னும் சில அறிஞர்கள் இது மறைக்கிற யின்னே இல்ல, வளைஞ்ச மரத்தை நிமித்துற கருவியோட பேரு, அப்பாவைத் திருத்துறதுன்னு பொருள்னு வாதாடுறாங்க. எனக்கு அந்தக் கடைசி வாசிப்பு கொஞ்சம் இழுத்துப் பிடிச்ச மாதிரிதான் படுது, ஆனா நீங்க அதைப் பாக்காம போகக்கூடாது.

நாலாவது, முடிவுல வர்ற "அதுக்குள்ள இருக்கு". மறைக்கிறதுதான் நேர்மைன்னு அவர் சொல்லல. இதே வாக்கிய அமைப்பு லுன்யூவுல வேற இடத்துலயும் வருது, உழவு செஞ்சாலும் பசி அதுக்குள்ள இருக்கலாம், படிப்புக்குள்ள சம்பளம் இருக்கலாம்னு. நோக்கம் வேற ஒண்ணு, கூடவே இன்னொண்ணு வந்து சேருதுங்கிற தொனி. இந்த ஒரு இலக்கணக் குறிப்பை வெச்சே நீங்க ஒரு அத்தியாயம் எழுதலாம்.

அப்புறம் அதே கதை வேற யார் கையில என்ன ஆச்சுன்னு பாருங்க. ஹான் ஃபெய் சொல்ற கதையில அப்பாவைக் காட்டிக்குடுத்த மகனை அதிகாரி கொன்னுடறாரு, அரசனுக்கு நேர், அப்பனுக்குக் கோணல்னு சொல்லி. குடும்பத்துக்கு நல்லவன் அரசாங்கத்துக்கு ஆகாதவன்னு காட்டத்தான் ஹான் ஃபெய்க்கு இந்தக் கதை. லூஷி சுன்சியூங்கிற தொகுப்புல மகன் முதல்ல காட்டிக்குடுக்கிறான், அப்புறம் அப்பாவுக்குப் பதிலா என்னைக் கொல்லுங்கன்னு கேக்குறான். ஒரு ஆடு, மூணு கதை, மூணு விதமான அரசியல்.

மொழிபெயர்ப்புல எங்க வழுக்கும்

சீன எழுத்து தெரியாம இந்த வேலையைத் தொடங்கலாம், முடிக்க முடியாது. குறைஞ்சபட்சம் உங்க சொல்லுக்குப் பின்னாடி எந்த எழுத்து இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் "லி"ன்னு எழுதுனா அது சடங்கு முறையா இருக்கலாம், பின்னால வந்த கன்பூசியத் தத்துவவாதி ஜூ ஷி (1130–1200) பெருசாப் பேசுன உள்ளொழுங்கா இருக்கலாம், மென்சியஸ் நூலோட முதல் பக்கத்துலயே அரசன் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்ட லாபமா இருக்கலாம். மூணும் வேற வேற எழுத்து. குறிப்பு நோட்டுல எப்பவும் எழுத்தையே வரைஞ்சு வெச்சுக்குங்க, கோணலா இருந்தாலும் பரவாயில்ல.

மூலத்துக்கு சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட்ங்கிற இலவச டிஜிட்டல் நூலகம் போதும், ஒரு எழுத்தைத் தேடுனா அது வேற எந்தப் பழைய நூல்ல எல்லாம் வருதுன்னு காட்டும். மொழிபெயர்ப்பு ஒண்ணை மட்டும் நம்பாதீங்க, குறைஞ்சது மூணு வெச்சுக்குங்க. லுன்யூவுக்கு லெக் 1861ல போட்டது, டி.சி. லாவ் போட்டது, பழைய உரைகளோட சேத்து ஸ்லிங்கர்லேண்ட் 2003ல போட்டது, இந்த மூணும் என் மேசையில இருக்கும். மூணு பேரும் ஒத்துப்போற இடத்தை விட்டுட்டு முரண்படுற இடத்துல உக்காருங்க, உங்க வேலை அங்கதான் இருக்கு.

தமிழ்ல யோசிக்கிற நமக்கு ஒரு தனி வசதியும் ஒரு தனி ஆபத்தும் உண்டு. நம்ம பத்தியில நேர்மைன்னு நான் எழுதுன சொல் மூலத்துல "ஜி", அதோட அடிப்படைப் பொருள் வளையாத, நேரான. வளைஞ்ச மரத்து மேல நேரான மரத்தை வெக்கிற மாதிரி நேரானவங்களை உசத்தி வைன்னு கன்பூசியஸ் வேற இடத்துல சொல்றாரு. ஆங்கிலத்துல இதுக்குத் திண்டாடுறாங்க, நமக்கு நேர், நேர்மை, கோணல்னு மொழியே தூக்கிக் குடுக்குது. ஆபத்து என்னன்னா, இன்னைக்கு நாம நேர்மைன்னா லஞ்சம் வாங்காத அதிகாரியை நினைக்கிறோம், அந்தப் படம் பத்திக்குள்ள நுழைஞ்சா எல்லாம் குழம்பிடும். ரென்னை அன்புன்னும், தாவோவை அறம்னும் போட்டு முடிச்சுடுறதும் இதே சிக்கல்தான்.

இந்தச் சிக்கல் சீனர்களுக்கே பழசு. பௌத்த நூல்கள் சீனாவுக்குப் போன ஆரம்பத்துல, நிர்வாணம்ங்கிற விடுதலை நிலைக்குத் தாவோ நூல்கள்ல இருந்த சொற்களைக் கடன் வாங்கிப் புரியவெச்சாங்க. இப்படிப் பொருத்துற முறைக்கு "கெயி"ன்னு பேரு. 4ஆம் நூற்றாண்டுல தாவோ ஆன்ங்கிற துறவி, இது பொருளைக் கெடுக்குதுன்னு கண்டிச்சாரு. நம்ம காலத்துல சீனத் தத்துவ அறிஞர் லியூ ஷியாவ்கான் இதைத் திருப்பிப் போட்டுக் காட்டுறாரு: 20ஆம் நூற்றாண்டு முழுக்கச் சீன அறிஞர்கள் தங்களோட சொந்த நூல்களை மேற்கத்திய சொற்களுக்குள்ள போட்டுப் படிச்சாங்க, இது தலைகீழ் கெயின்னு. உங்க டிராஃப்ட்ல நீங்க எந்தத் திசையில பொருத்துறீங்கன்னு ஒரு தடவை நிதானமாப் பாருங்க.

நூலுக்கும் இன்னைக்கும் நடுவுல இருக்கிற பாலம்

புதுசா வர்றவங்க அதிகமா வழுக்கி விழுற இடம் இது. "2,500 வருஷம் முன்னாடி கன்பூசியஸ் சொன்னாரு, அதனாலதான் இன்னைக்குச் சீனர்கள் இப்படி நடந்துக்கிறாங்க"ன்னு ஒரே தாவா தாவிடுவாங்க. நடுவுல யாரு, எந்தச் சட்டம், எந்தப் பள்ளிக்கூடம், எந்த அரசாங்கம் அந்த எண்ணத்தைக் கை மாத்திக் குடுத்துச்சுன்னு காட்டணும்.

ஆட்டுக் கதையையே எடுத்துக்குங்க. கி.மு. 66ல ஹான் பேரரசர் ஷுவான் ஒரு ஆணை போடுறாரு. பிள்ளை பெத்தவங்களை மறைச்சா, மனைவி கணவனை மறைச்சா, பேரன் தாத்தா பாட்டியை மறைச்சா குற்றமில்ல. சரி, தலைகீழா? அப்பா மகனை மறைச்சா, கணவன் மனைவியை மறைச்சா, மரண தண்டனைக்குரிய வழக்குன்னா மேலிடத்துக்கு அனுப்பி முடிவு கேக்கணும். இதை முதல் தடவை வரிவரியாப் படிச்சப்போ நான் பேனாவைக் கீழ வெச்சுட்டேன். லுன்யூவுல அப்பா மகனுக்காக மறைக்கிறதுதான் முதல்ல வருது, ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. ஆணையில அது ஒரு பக்கமாச் சாஞ்சிடுச்சு, கீழ இருக்கிறவன் மேல இருக்கிறவனைக் காப்பாத்துனா முழு மன்னிப்பு, மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவனைக் காப்பாத்துனா அந்த உறுதி இல்ல. "கன்பூசியஸ் சட்டமானாரு"ன்னு ஒரே வரியில எழுதியிருந்தா இந்தச் சாய்வு கண்ணுலயே பட்டிருக்காது.

653ல வந்த தாங் வம்சத்துச் சட்டத் தொகுப்புல சேந்து வாழுற குடும்பத்துக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் மறைக்கலாம், ராஜதுரோகம் மாதிரிக் குற்றங்களுக்கு மட்டும் கூடாது. அதோட நிக்கல, பெத்தவங்க மேல புகார் குடுக்கிற பிள்ளைக்குக் கழுத்தை நெரிச்சுக் கொல்ற தண்டனை. ஊர்ப் பேச்சுல "எங்க ஊர்ல இப்படி"ன்னு சொன்னது இங்க உயிரை எடுக்குற விதியா ஆயிடுச்சு. இதுக்கு நேரெதிரா, 20ஆம் நூற்றாண்டுல கலாச்சாரப் புரட்சி காலத்துல பிள்ளைங்களே பெத்தவங்களைக் காட்டிக்குடுத்தது பெருமையாக் கருதப்பட்டுச்சு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாதான், 2000களோட ஆரம்பத்துல சீனத் தத்துவ அறிஞர்கள் இந்த ஒரு பத்தியை வெச்சு ஏன் அவ்வளவு சூடாச் சண்டை போட்டாங்கன்னு புரியும். ஒரு பக்கம் இது ஊழலுக்கு வேர்னாங்க, இன்னொரு பக்கம் குடும்பப் பாசத்தை அரசு மிதிக்காம காக்குற வேலின்னாங்க.

2012ல திருத்துன சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 188ஆம் பிரிவு (2018 திருத்தத்துக்கு அப்புறம் 193ஆம் பிரிவு), குற்றம் சாட்டப்பட்டவரோட கணவன் அல்லது மனைவி, பெத்தவங்க, பிள்ளைங்க, இவங்களைக் கட்டாயப்படுத்திக் கோர்ட்டுக்கு சாட்சியா இழுத்துட்டு வரக்கூடாதுன்னு சொல்லுது. இதைப் பாத்து, பழைய மறைக்கும் உரிமை திரும்ப வந்துடுச்சுன்னு நிறைய பேரு எழுதுனாங்க. கவனமாப் படிங்க. கோர்ட்டுக்கு வரத்தான் கட்டாயம் இல்ல, விசாரணையில வாக்குமூலம் குடுக்காம இருக்க உரிமைன்னு அங்க இல்ல. அப்படின்னா குடும்பத்துக்காரர் விசாரணையில சொன்னது எழுத்துல கோர்ட்டுக்கு வந்துடலாம், குற்றம் சாட்டப்பட்டவரால அவரை நேர்ல நிறுத்திக் கேள்வி கேக்க முடியாம போகலாம். கன்பூசியஸ் சொன்ன மறைத்தல் இதுதானா? இந்த இடைவெளிதான் ரிசர்ச் கேள்வி. இதுக்கு வழக்குத் தீர்ப்புகளைப் படிக்கணும், வக்கீல்கள்கிட்ட பேசணும், அப்ப உங்க பேப்பர்ல கன்பூசியஸை உருவிப் பாருங்க, கூரை இறங்கிடும்.

சோதிக்கிற மாதிரி மாத்துங்க

ஒரு கான்செப்ட் எதையும் தடுக்கலைன்னா, எதுக்கும் தப்பாப் போகாதுன்னா, அது ரிசர்ச்சுக்கு உதவாது. தைவான்ல ஹுவாங் குவாங்குவோ 1987ல அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோஷியாலஜியில போட்ட கட்டுரையை இதுக்காகவே படிங்க. முகம் (மத்தவங்க முன்னாடி இருக்கிற மரியாதை), உதவிக்கடன் (வாங்குன உதவிக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது)னு தெருவுல எல்லாரும் பேசுற ரெண்டு சொல்லை எடுத்து, ஒருத்தர் உதவி கேட்டு வர்றாரு, இன்னொருத்தர் கையில வசதி இருக்குன்னு ஒரு காட்சியை அமைக்கிறாரு. குடும்ப உறவா இருந்தா தேவையைப் பாத்துக் குடுப்பாரு, முன்பின் தெரியாதவர்னா கணக்குப் பாத்துக் குடுப்பாரு, ரெண்டுக்கும் நடுவுல தெரிஞ்சவர், சொந்த ஊர்க்காரர், கூடப் படிச்சவர்னு வந்தா அங்கதான் தர்மசங்கடம், அங்கதான் முகமும் உதவிக்கடனும் வேலை செய்யுது. எந்த உறவுல எந்த விதின்னு சொன்னதால, இதைச் சோதிச்சுப் பாக்கலாம், தப்புன்னு காட்டலாம்.

எச்சரிக்கையாப் பாக்க வேண்டிய உதாரணமும் ஒண்ணு இருக்கு. உளவியலாளர் மைக்கேல் பாண்டும் கூட இருந்தவங்களும் சீன அறிஞர்கள்கிட்டயே முக்கியமான விழுமியங்களைக் கேட்டு, 40 கேள்வி உள்ள ஒரு சர்வேயை உருவாக்கி, 22 நாட்டு மாணவர்கள்கிட்ட நடத்தி 1987ல வெளியிட்டாங்க. மேற்குல செஞ்ச கேள்வித்தாளைக் கிழக்குல கொண்டு போறதுதான் வழக்கம், இவங்க திசையை மாத்துனாங்க, அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுல வந்த ஒரு பரிமாணத்துக்குக் கன்பூசியப் பேரு வெச்சாங்க, பின்னால, நாடுகளோட கலாச்சாரத்தை ஒப்பிட்டு அளந்த ஹாஃப்ஸ்டெட் அதை நீண்டகால நோக்குன்னு தன்னோட பட்டியல்ல சேத்துக்கிட்டாரு. ஆனா உள்ள பாத்தா ஒரு முனையில விடாமுயற்சி, சிக்கனம், இன்னொரு முனையில மரபுக்கு மரியாதை, முகத்தைக் காப்பாத்துறது. ரெண்டுமே கன்பூசிய விழுமியம்தானே, அப்ப அந்தப் பேரு எதை அளக்குது? உங்க சர்வேயில ஒரு பழைய சொல்லைப் பேரா வெக்கும்போது இந்தக் கேள்வி முன்னாடி நிக்கணும்.

முடிஞ்சா சீனாவுக்கு வெளியவும் கொண்டு போய்ப் பாருங்க. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860ல குற்றவாளியை ஒளிச்சு வெக்கிறதுக்கான 212ஆம் பிரிவு, கணவன் மனைவிக்கு விலக்கு குடுத்துச்சு, பெத்தவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதுல குடுக்கல. ஒரு சட்டம் தம்பதி உறவைக் காக்குது, இன்னொண்ணு அப்பா-மகன் உறவுலேர்ந்து தொடங்குது. மறைத்தல்ங்கிற சொல்லை வெச்சு இந்த ரெண்டையும் ஒரே மேசையில வெச்சுப் படிச்சா, சீனச் சிந்தனை இந்தியச் சட்டத்தையும் கேள்வி கேக்குற கருவியா மாறுது.

அந்தச் சொல்லை இன்னைக்கு யார் பயன்படுத்துறாங்க

ஹெ, அதாவது இசைவு. கன்பூசியஸ் சொல்ற பண்பாளர் இசைஞ்சு போவாரு, ஒரே மாதிரி ஆக மாட்டாரு. ஜுவோ வரலாற்று நூல்ல யான்ஸிங்கிற மந்திரி ஒரு அரசனுக்கு இதைச் சமையலை வெச்சு விளக்குறாரு. இசைவுங்கிறது குழம்பு மாதிரி, தண்ணி, நெருப்பு, புளிப்பு, உப்பு, ஒருவிதப் பழம் எல்லாம் சேந்து மீன் வேகணும், தண்ணிக்கு மேல தண்ணியே ஊத்துனா யாரு சாப்பிடுவா? அரசன் சரின்னா சரி, இல்லைன்னா இல்லங்கிற மந்திரி அந்தத் தண்ணிதான்.

2000கள்ல சீன அரசு "இசைவான சமூகம்"னு முழக்கம் வெச்சுது. கொஞ்ச நாள்லயே இணையத்துல பதிவு நீக்கப்பட்டா "இசைவாக்கிட்டாங்க"ன்னு மக்கள் சொல்ல ஆரம்பிச்சாங்க, அதுக்கு ஒலி ஒத்த சொல்லா ஆத்து நண்டு படமும் போட்டாங்க. இப்ப நீங்க சீனாவுல ஒருத்தர்கிட்ட பேட்டி எடுக்கும்போது இந்தச் சொல்லைச் சொன்னா, அவருக்கு யான்ஸி குழம்பு ஞாபகம் வருமா, முழக்கம் ஞாபகம் வருமா, நண்டு ஞாபகம் வருமா? மூணும் டேட்டாதான், எதையும் ஒதுக்காதீங்க. ஆனா எது எங்க பேசுதுன்னு பிரிச்சு எழுதணும். யான்ஸி அரசனை எதுத்துப் பேசுறதுக்கு வெச்ச சொல் இது, எதிர்க்கிற வாயை மூட அதைப் பயன்படுத்துனா அந்த மாற்றத்தை எழுதுறது நம்ம கடமைன்னு நான் உறுதியா நம்புறேன். பழைய நூலை நேசிக்கிறவங்க இதுல மழுப்பக்கூடாது.

அடுத்த மூணு வாரத்துக்கு

முதல் வாரம் உங்க கேள்வியை எழுதி, அதுக்குப் பக்கத்துல வர்ற ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்க. சந்தேகமா இருந்தா சின்னச் சொல்லா எடுங்க, ரென், தாவோ மாதிரி மலைங்க வேண்டாம், யின், லுன் மாதிரி கூழாங்கல் போதும். ரெண்டாவது வாரம் அந்தச் சொல் வர்ற ஒரு பத்தியை மூணு மொழிபெயர்ப்புல படிச்சு, முரண்படுற இடத்தைக் குறிச்சு, பழைய உரைகாரர் ஒருத்தர் என்ன சொன்னாருன்னு பாருங்க. மூணாவது வாரம் அந்தச் சொல்லை எதுத்த ஒரு சீனச் சிந்தனையாளரையும், அந்தச் சொல் நுழைஞ்ச ஒரு சட்டம், பாடத்திட்டம் இல்லைன்னா வழக்கத்தையும் தேடுங்க. கட்டுரையில எப்பவும் அத்தியாய எண்ணோட குறிப்பிடுங்க, வெறும் "கன்பூசியஸ் சொன்னது போல"ன்னு எழுதாதீங்க, அவர் சொன்னதாச் சுத்துற வரிங்க பலதுக்கு மூலமே கிடைக்காது.

டிராஃப்ட் தயாரானதும் சீன மொழியில படிச்சு வளந்த ஒருத்தர்கிட்டயாவது காட்டுங்க. என்னோட மறைத்தல் கட்டுரையை அப்படி ஒரு தோழிகிட்ட குடுத்தப்போ, அவங்க பெரிய திருத்தம் எதுவும் சொல்லல, "ராங்"குக்கு நான் எழுதியிருந்த "திருட்டு"ங்கிற சொல்லுக்குக் கீழ ஒரு கோடு மட்டும் போட்டு, "ஆடு தானா வந்துச்சு"ன்னு ஓரத்துல எழுதிக் குடுத்தாங்க. அந்த ஒரு கோட்டுக்காக மூணாவது அத்தியாயத்தை முழுசாத் திரும்ப எழுதிக்கிட்டிருக்கேன்.